சட்டத்துக்காக நின்றவர், சட்டத்தைத் தாண்டியபோது

எம்மவர் பலர் குடியேறி வாழும் பலேர்மோ, மாபியா என்றதும் நினைவுக்கு வரும் நகரமும்கூட. அங்கே மாபியாவை அடக்கிய ‘இரும்பு பிரிபெக்ட்’ என்று சேசரே மோரியை இன்றும் மெச்சுபவர்கள் உண்டு. என்னை ஈர்த்தது அவரது வாழ்க்கையின் முற்பகுதி.

1871இல் பாவியாவில் பிறந்து, ஏழு வயதுவரை அநாதை இல்லத்தில் வளர்ந்தவர் மோரி. பொலிஸ் சேவையில் உயர்ந்து 1921இல் பொலோஞ்ஞாவின் பிரிபெக்ட் ஆனார். எங்கள் அரசாங்க அதிபரைப் போன்ற பதவி. ஆனால் பொலிஸும் அவர் சொற்படி நடக்கும். முசோலினியின் கறுப்புச்சட்டைக் கும்பல்கள் தொழிற்சங்கங்களை எரித்துத் திரிந்த காலம் அது. அதிகாரிகள் பலர் கண்டும் காணாமல் இருக்க, மோரி அவர்கள்மீதும் சட்டத்தைப் பிரயோகித்தார். 1922இல் ஆயிரக்கணக்கான பாசிசவாதிகள் நகருக்குள் முகாமிட்டு அவரை அகற்றக் கோரினர். அரசு பணிந்து அவரை இடமாற்றியது.

அதே மோரியை 1924இல் முசோலினியே மீண்டும் சேவைக்கு அழைத்து சிசிலிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு தீவு முழுவதற்கும் விசேட அதிகாரம் கிடைத்தது.

1926 ஜனவரியில் கஞ்சி என்ற மலையூர் சுற்றிவளைக்கப்பட்டது. அந்தச் சொல்லை நான் எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தலைமறைவானவர்களின் மனைவி பிள்ளைகள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர். அவர்களது வீடுகளில் பொலிஸார் குடிபுகுந்தனர், கால்நடைகளை அறுத்தனர். தேடப்பட்டவர்கள் சரணடைந்தனர். மோரியின் காலத்தில் கைதானோர் ஏறக்குறைய 11,000 பேர் என்பார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே வழக்கில் கூட்டாகத் தண்டிக்கப்பட்டனர். கொலைகள் குறைந்தது உண்மை. பயந்து வாழ்ந்த விவசாயி நிம்மதி அடைந்திருப்பான், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அதே 1926இல் இத்தாலியில் தெரிவுசெய்யப்பட்ட மேயர்களுக்குப் பதிலாக அரசு நியமித்தவர்கள் வந்தார்கள், எதிர்க்கட்சிகள் தடைசெய்யப்பட்டன. சிசிலியில் ‘மாபியாக்காரன்’ என்ற குற்றச்சாட்டு அரசியல் பகையையும் தீர்த்தது. பலேர்மோவின் பாசிசத் தலைவர் அல்பிரெடோ குக்கோவே 1927இல் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பெருநிலக்காரர்களையோ மோரி மாபியாவின் பலிகளாகவே பார்த்தார். தட்டிக்கேட்க நாடாளுமன்றமோ பத்திரிகையோ மிஞ்சவில்லை. முன்பு பொலோஞ்ஞாவில் அவர் யாரைத் தடுத்தாரோ, அவர்களுக்கே இப்போது ஒழுங்கைக் காத்தவர்கள் என்ற பெயரைத் தேடிக்கொடுத்தார்.

1929இல் மோரி திருப்பி அழைக்கப்பட்டார். மாபியா ஒழிந்தது என்று ஆட்சி சொல்லிக்கொண்டது. 1942இல் உடினேயில் அவர் இறந்தார். மறு ஆண்டு நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. வில்லால்பா என்ற ஊருக்கு அவர்கள் நியமித்த மேயர், கலோஜெரோ விசினி என்ற மாபியாத் தலைவர்.