ஸர் தாமஸ் மன்றோவும் பள்ளித் தரமும்

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டிற்குச் செல்வோர் ஆங்கு 1917-ல் நிறுவப்பெற்ற மான்போர்ட் பள்ளி முதலியவற்றைக் கண்டு, கூர்த்த மதியுடைய சிறுவர்க்கு எப்பள்ளி ஏற்றது எனத் தம்முள் வினவுவது இயல்பு. பள்ளியின் தரத்தை அளப்பது எங்ஙனம் என்னும் அவ்வினாவை, அம்மலை அடங்கிய சேலம் ஜில்லாவிலும் சென்னை மாகாணம் முழுமையிலும் 200 ஆண்டுகட்கு முன்னரே எழுப்பிய பெரியார் ஒருவர் உளர். அவரே ஸர் தாமஸ் மன்றோ. அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் ஒரு வணிகர்க்கு மகனாய்ப் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திற் கற்றார். தந்தையாரின் வாணிகம் நொடிந்தமையால், கம்பெனியாரின் படையில் அமர்ந்து 1780-ல் சென்னை வந்தடைந்தார். 1792-ல் பாரமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் வசமாயின. அதுமுதல் 1799 வரை ரீடு என்பாரின்கீழ் அந்நாட்டில் நிலவரி வேலை பார்த்தார். ஊர்தோறும் சென்று குடிகளின் நிலையைத் தாமே கண்டறியும் வழக்கம் அவர்க்கு ஆங்கே வேரூன்றிற்று.

1820-ல் சென்னைக் கவர்னராகிய மன்றோ, 1822-ல் ஜில்லாதோறும் எத்துணைப் பள்ளிகள் உள, எத்துணைப் பேர் பயில்கின்றனர் என ஆராய்ந்து தெரிவிக்குமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். சேர்வராயன் மலையிற் காபிப் பயிரைப் புகுத்திய காக்பர்ன் துரையே அப்பொழுது சேலம் கலெக்டர். தம் ஜில்லாவில் 333 பள்ளிகள் உளவென அவர் 1823-ல் விடையிறுத்தார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர்க்கு ஒரு பள்ளி.

இத்தொகையைக் கண்டு மன்றோ மனநிறைவு எய்தினாரல்லர். எழுத்தும் கணக்கும் கடந்த கல்வி அரிதாயிருந்ததை உணர்ந்து, அதன் காரணத்தை நாடினார். மாணாக்கர் திங்கள்தோறும் கொடுத்தது நாலணா முதல் எட்டணா வரையே. உபாத்தியாயர் பெரும்பாலோர்க்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் வருவாயில்லை. இவ்வூதியத்திற்கு வல்லுநர் எவர் வருவர்?

எனவே 1826-ல், கலெக்டர் தலைமையிடந்தோறும் மேற்பள்ளிகளும் தாசில்தோறும் ஒரு பள்ளியும் அமைக்கவும், ஆசிரியர்களைச் சென்னையிற் பயிற்றவும் திட்டம் வகுத்தார். முன்னவற்றின் ஆசிரியர்க்கு 15 ரூபாயும் பின்னவற்றின் ஆசிரியர்க்கு 9 ரூபாயும் மாதச் சம்பளம் குறித்தார். ஆயின் மறு ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், சுற்றுப் பயணத்திடையே பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர் நீத்தார்.

அத்திட்டம் அவர்க்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒன்பது ரூபாய்க்குத் தக்க ஆசிரியர் கிடைத்திலர். பள்ளிகள் பயனற்றன எனப் பழிக்கப்பட்டு 1836-ல் மூடப்பட்டன. 1841-ல் சென்னையில் உயர்தரப் பள்ளி ஒன்று தோன்றிற்று. அதன் வழியே பின்னர் மாநிலக் கல்லூரி எழுந்தது. சிலர் மிக உயர்ந்தனர். தாசிலிலிருந்த கூர்மதிச் சிறுவனுக்கோ வாயில் அடைபட்டது. நோய்க்குக் காரணம் வறுமையென மன்றோ நன்கறிந்திருந்தும், அவர் குறித்த மருந்தின் அளவு போதாதாயிற்று என்பதே நம் கருத்து.

மாணாக்க நண்பர்காள்! பள்ளியொன்றை மதிப்பிடப் புகுங்கால் கட்டடத்தையும் தேர்ச்சித் தொகையையும் மட்டும் நோக்கற்க. ஆங்குக் கற்பிப்போர் யாவர், அவர் எங்ஙனம் வாழ்கின்றனர், எளியோர் பிள்ளைக்கும் அவ்வாயில் திறக்குமா என வினவுக.