ஆலிஸ் ஈஸ்ட்வுட்

ஆலிஸ் ஈஸ்ட்வுட் (ஜனவரி 19, 1859 - அக்டோபர் 30, 1953) கனடாவில் பிறந்த அமெரிக்கத் தாவரவியலாளர் ஆவார். கலிபோர்னியாவின் மான்சனிட்டா புதர்ச்செடிகள் பலவற்றை இனங்கண்டு விவரித்தவர். 1906 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது தாவர மாதிரிகளைக் காப்பாற்றியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

டொராண்டோவில் பிறந்த இவர் ஆறு வயதில் தாயை இழந்தார். 1873 இல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து ஆசிரியரானார். கல்லூரிப் படிப்பு இல்லாத இவர், கொலராடோ மலைகளில் செடிகளைச் சேகரித்துத் தாவரவியலைத் தாமே கற்றார். 1892 இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தில் சேர்ந்து, 1949 இல் தமது 90 ஆவது வயதில் ஓய்வு பெற்றார்.

மான்சனிட்டா ஆய்வு

மழை குளிர்காலத்திலும் வறட்சி கோடையிலும் அமையும் கலிபோர்னியச் சரிவுகளில் காணப்படும் அடர்ந்த புதர்க்காடு சாப்பரல் எனப்படுகிறது. அங்கு வளரும் மான்சனிட்டாவைச் செம்பழுப்பு நிற வழவழப்பான பட்டை, தடித்த இலைகள், குடுவை வடிவச் சிறு பூக்கள் ஆகியவற்றால் அறியலாம். ஆனால் அதன் இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது கடினம். 1897 இல் ஈஸ்ட்வுட் விவரித்த ஆர்க்டோஸ்டாஃபிலோஸ் கிளாண்டுலோசா என்னும் இனத்திற்கு அடித்தண்டில் பருத்த கட்டை உண்டு. காட்டுத்தீக்குப் பின் அதிலிருந்து அச்செடி மீண்டும் துளிர்க்கும். இக்கட்டை இல்லாத இனங்கள் தீயில் மடிந்து, விதையிலிருந்தே மீண்டும் முளைக்கின்றன. எனவே அடித்தண்டு முக்கிய அடையாளமாகும். இவ்வினம் இன்று ஈஸ்ட்வுட் மான்சனிட்டா என்றே அழைக்கப்படுகிறது.

1906 நிலநடுக்கம்

ஓர் இனத்திற்குப் பெயரிடும்போது ஆதாரமாகக் கொள்ளப்படும் உலர்ந்த செடி, வகை மாதிரி எனப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் இதனோடு ஒப்பிட்டே முடிவு செய்வர். அக்கால வழக்கத்திற்கு மாறாக ஈஸ்ட்வுட் இவற்றைத் தனியே வைத்திருந்தார். ஏப்ரல் 18, 1906 அன்று கழகக் கட்டடத்தின் படிக்கட்டு இடிந்து, தீயும் நெருங்கியது. அவர் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி ஆறாவது மாடிக்கு ஏறி, ஏறத்தாழ 1,500 வகை மாதிரிகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எஞ்சிய தொகுப்பு எரிந்தது. அவருடைய உடைமைகளும் தீக்கிரையாயின. 1912 இல் கழகத்திற்குத் திரும்பிய அவர், ஓய்வு பெறுவதற்குள் 3,00,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட புதிய தொகுப்பை உருவாக்கினார்.

நினைவு

1905 இல் இவர் விவரித்த பிரான்சிஸ்கன் மான்சனிட்டா, நகர விரிவாக்கத்தால் 1940களில் இயற்கை வாழிடத்திலிருந்து மறைந்து, தோட்டங்களில் மட்டும் எஞ்சியது. 2009 இல் கோல்டன் கேட் பாலத்தருகே சாலைப்பணி நடந்த இடத்தில் ஒரேயொரு செடி கண்டறியப்பட்டது. 2010 ஜனவரியில் அது வேரோடு பெயர்க்கப்பட்டுப் பாதுகாப்பான இடத்தில் நடப்பட்டது. 2012 இல் இவ்வினம் அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.