ஜோஸபைன் பட்லர் அம்மையார்

வழியிற் செல்லும் பெண்ணைக் காலி ஒருவன் மறித்தால் போலீஸாரிடம் முறையிடலாம். போலீஸாரே சட்டத்தின் பேரால் அவளை இழுத்துச் சென்றால் யாரிடம் முறையிடுவது? இங்கிலாந்தில் 1864, 1866, 1869-ம் வருஷங்களில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள் ஏழைப் பெண்களை இந்நிலையில்தான் வைத்தன. பட்டாளமும் கப்பற்படையும் தங்கிய ஊர்களில், விலைமகள் எனச் சந்தேகிக்கப்பட்ட எந்தப் பெண்ணையும் பலவந்தமாகத் தேகபரிசோதனைக்கு உட்படுத்தலாம், மறுத்தால் சிறை. அவளிடம் சென்ற சிப்பாய்க்கோ பரிசோதனையும் இல்லை, தண்டனையும் இல்லை.

இதை எதிர்த்துக் கிளம்பிய பட்லர் அம்மையார் 1828-ல் நார்தம்பர்லண்டில், அடிமை முறையை வெறுத்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜார்ஜ் பட்லர் பாதிரியார், கல்விமான். 1864-ல் இவர்களுடைய சிறு மகள் ஈவா மாடியிலிருந்து விழுந்து மாண்டாள். பின்பு லிவர்பூலில் குடியேறிய அம்மையார், துக்கத்தோடு வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. அவ்வூர் ஏழை விடுதியில் பழங்கயிறு பிரிக்கும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து தாமும் கயிறு பிரித்தார். நோயுற்ற பெண்களைத் தம் இல்லத்துக்கே அழைத்து வந்தார்.

1869 முடிவில் தோன்றிய ஸ்திரீகள் தேசீய சங்கத்தை அவர் முன்னின்று நடத்தினார். கௌரவமான மாது வாயெடுத்துப் பேசத்தகாத விஷயம் என்று பலர் இகழ்ந்தனர். அம்மையார் தொழிலாளர் கூட்டங்களைத் தேடிச் சென்றார். பெண்களுக்கு வோட்டில்லாத காலம் அது. வோட்டுள்ள ஆண்களின் மனத்தை அல்லவா திருப்ப வேண்டும்! 1870-ல் கால்செஸ்டர் உபதேர்தலில் இச்சட்டங்களின் ஆதரவாளர் ஸர் ஹென்றி ஸ்டார்க்ஸ் தோற்றார். அம்மையார் தங்கிய ஓட்டலைக் காலிகள் தாக்கினர். 1872-ல் பாண்டிஃப்ராக்டில் ஒரு வைக்கோற்பரணில் மாதர் கூட்டம் நடக்கையில், கீழ்த்தளத்தில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்தார்கள். புகை மேலே சூழ்ந்தது. முரடர்கள் ஏறி வந்தார்கள். போலீஸார் வேடிக்கை பார்த்தார்கள். அம்மையார் தளரவில்லை. 1886-ல் சட்டங்கள் ரத்தாயின. முந்திய வருஷம் சிறுமியரின் சம்மத வயது 13-லிருந்து 16 ஆக உயர்ந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

இங்கிலாந்தில் ஒழிந்த கொடுமை இந்தியக் கண்டோன்மெண்டுகளில் வெள்ளைச் சிப்பாய்களின் பொருட்டு நீடித்தது. பட்டாளங்களுக்குப் போதிய எண்ணிக்கையில், கவர்ச்சியுள்ள பெண்களைச் சேர்க்கும்படி 1886-ல் ராணுவச் சுற்றறிக்கை ஒன்று கூறிற்று. நம் சகோதரிகளைத் தளவாடச் சாமானோடு சேர்த்து எண்ணிய ஆட்சி அது! 1888-ல் காமன்ஸ் சபை இம்முறையைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. தீர்மானம் காகிதத்தோடு நின்றது. பட்லர் அம்மையாரின் தூண்டுதலால் இரு அமெரிக்க மாதர் 1891, 1892-ம் வருஷங்களில் இங்கு வந்து, அப்பெண்களிடமே நேரில் விசாரித்து உண்மையை வெளியிட்டனர். முதலில் மறுத்த முன்னாள் சேனாதிபதி ராபர்ட்ஸ் பிரபு 1893-ல் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

அம்மையாரிடம் நமக்கு ஒரு வழக்குண்டு. இந்திய மண்ணை மிதித்தறியாத அவர், பிரிட்டிஷ் ஆட்சியின் அழுக்கைக் கழுவினால் போதும் என்று நம்பினார். அவ்வாட்சியே எதற்கு என்று கேட்கவில்லை. ஆயினும் 1897-ல் சர்க்கார் பழைய முறைக்கு மீண்டும் வழி திறந்தபோது, 69 வயதில், அதைக் கண்டித்து மறுபடி எழுதத் தொடங்கினார். 1906 டிசம்பர் 30-ந் தேதி காலமானார்.