மனதை அறிந்த டாக்டர் சுருட்டிடம் தோற்ற கதை

மனிதனின் மனதுக்குள் புகுந்து பார்த்தவர் என்று உலகம் புகழும் டாக்டர், சிக்மண்ட் பிராய்டு. கனவு ஏன் வருகிறது, பயம் ஏன் வருகிறது என்று ஆராய்ந்து சொன்னவர் அவர்.

ஆனால் அவரால் ஒரு சுருட்டை விட முடியவில்லை!

சுருட்டு அவர் இதயத்தைக் கெடுத்தது. பிறகு தாடையைத் தின்றது. அவருக்கு 30-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. அப்படியும் அவர் சுருட்டைத் தேடினார்.

கம்பளி வியாபாரியின் மகன்

பிராய்டு 1856-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் பிரைபர்க். அது அப்பொழுது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இப்பொழுது செக் நாட்டில் இருக்கிறது.

தகப்பனார் ஜேக்கப், கம்பளி வியாபாரி. தாயார் அமாலியா. யூதக் குடும்பம். வசதி குறைவு. பிராய்டு சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் வியன்னா நகருக்குக் குடிபெயர்ந்தது.

பிராய்டு படிப்பில் கெட்டிக்காரர். 1873-ல் வியன்னா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1881-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தகப்பனாருக்குப் புகை பிடிக்கும் பழக்கம் உண்டு. மகனும் 24-வது வயதில் தொடங்கினார். முதலில் சிகரெட். சீக்கிரமே சுருட்டுக்கு மாறினார். பிறகு சுருட்டுதான்!

ஒரு நாளைக்கு 20 சுருட்டு

1886-ல் பிராய்டு மார்த்தாவை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தார்கள். கடைசி மகள் அன்னா.

1891-ல் வியன்னாவில் பெர்க்காசே தெருவில் 19-ம் எண் வீட்டுக்குக் குடி வந்தார். 47 ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்தார். நோயாளிகளை அங்கேதான் பார்த்தார்.

நோயாளி ஒரு சாய்வுக் கட்டிலில் படுத்துக் கொள்வார். மனதில் தோன்றியதை எல்லாம் சொல்வார். பிராய்டு தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். கையில் சுருட்டு புகையும்.

இரவு எழுதும்போதும் சுருட்டு. மாலையில் உலாவப் போவார். வழியில் சுருட்டுக் கடையில் நிற்பார். நாள் ஒன்றுக்கு 20 சுருட்டு வரை பிடித்தார்.

1902-ல் இருந்து புதன்கிழமைதோறும் இரவில் டாக்டர்கள் அவர் வீட்டில் கூடிப் பேசினார்கள். மேசையில் ஒவ்வொருவர் முன்பும் சாம்பல் தட்டு இருக்கும். கூட்டம் முடியும்போது அறை முழுவதும் புகை மண்டிக் கிடக்கும்.

புகை பிடிக்காதவர்களைக் கண்டால் பிராய்டுக்கு வியப்பு. 17 வயதான ஒரு உறவுப் பையனுக்கு அவரே சிகரெட் நீட்டினார். பையன் வேண்டாம் என்றான். மலிவான, பெரிய இன்பத்தை இழக்கிறாயே என்று பிராய்டு வருத்தப்பட்டார்.

நெஞ்சு வலித்தது

1894-ம் ஆண்டு. பிராய்டுக்கு 38 வயது நடந்தது.

திடீர் என்று இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. நெஞ்சு வலித்தது. இடது கை எரிந்தது. மூச்சு வாங்கியது.

பெர்லின் நகரில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். பெயர் வில்லெம் பிளைஸ். அவரும் டாக்டர். சுருட்டை விட்டுவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லி இருந்தார்.

பிராய்டு விட்டார்.

முதல் சில நாட்களைத் தாங்கிக் கொண்டார். பிறகு துன்பம் தொடங்கியது. மனம் சோர்ந்தது. சாவைப் பற்றிய எண்ணங்கள் வந்தன. எழுத உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. 40 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் இதயம் வெடித்துச் சாகப் போகிறோம் என்று பயந்தார்.

சில வாரங்கள் போராடினார். பிறகு ஒரு சுருட்டைப் பற்ற வைத்தார். அதோடு கட்டுப்பாடு உடைந்தது.

மறுபடியும் விட்டார். மறுபடியும் பிடித்தார். சுருட்டு இல்லாமல் தன்னால் சிந்திக்க முடியாது, எழுத முடியாது என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரை விழ வைத்தது.

அவர் எழுதிய கனவுகள் பற்றிய புத்தகம் 1899-ம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. உலகம் முழுவதும் பெயர் பரவியது. சுருட்டும் கூடவே வந்தது.

ஐம்பது சுருட்டுப் பரிசு

முதல் உலகப் போர் மூண்டது. வியன்னாவில் உணவுப் பஞ்சம். சுருட்டுக்கும் பஞ்சம்!

1917-ம் ஆண்டு நவம்பரில் ஒரு நாள் கைவசம் இருந்த கடைசிச் சுருட்டும் தீர்ந்தது. பிராய்டுக்குக் கோபம் கோபமாக வந்தது. களைப்பு. நெஞ்சு படபடத்தது. வாயின் மேல் அண்ணத்தில் இருந்த ஒரு வீக்கம் அதிகமாக வலித்தது.

அப்பொழுது ஒரு நோயாளி 50 சுருட்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தார். பிராய்டு ஒன்றைப் பற்ற வைத்தார். உடனே முகம் மலர்ந்தது. வீக்கமும் குறைந்தது போல் இருந்தது. இதை வேடிக்கையாக நண்பருக்கு எழுதினார்.

அது வேடிக்கை அல்ல. அந்த அண்ணத்தில்தான் பின்னால் ஆபத்து முளைத்தது.

வாயில் புற்று

1923-ம் ஆண்டு பிப்ரவரி. வலது பக்க அண்ணத்தில் ஒரு சதை வளர்ந்து இருப்பதைப் பிராய்டு கண்டார். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், டாக்டர்கள் சுருட்டை நிறுத்தச் சொல்வார்கள் என்று பயம்!

ஏப்ரலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. சின்ன ஆபரேஷன், அன்றே திரும்பி விடலாம் என்று நினைத்தார்.

ஆபரேஷனில் ரத்தம் கொட்டியது. வீட்டுக்குச் செய்தி போனது. மனைவியும் மகள் அன்னாவும் ஓடி வந்தார்கள். உடை எல்லாம் ரத்தமாக, பிராய்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இருந்தார்.

ஒரு சிறிய அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். அதே அறையில், குள்ளமான, மனவளர்ச்சி இல்லாத ஒரு நோயாளியும் இருந்தான். பகலில் உறவினரை வெளியே அனுப்பி விட்டார்கள். அந்த நேரத்தில் மீண்டும் ரத்தம் பெருகியது. பிராய்டால் குரல் கொடுக்க முடியவில்லை. மணியை அழுத்தினார். மணி கெட்டுப் போய் இருந்தது.

அறையில் இருந்த அந்த நோயாளி ஓடிப் போய் நர்சை அழைத்து வந்தான். உயிர் பிழைத்தது. அன்று இரவு முழுவதும் அன்னா தகப்பனார் பக்கத்தில் இருந்து நகரவில்லை.

அது புற்றுநோய். டாக்டர்கள் முதலில் உண்மையை அவரிடம் மறைத்தார்கள். சுருட்டுதான் காரணம் என்று சொல்லப்படுவதை அவர் அறிவார். அதை நண்பருக்கும் எழுதினார்.

பேரன் இறந்தான்

அதே ஆண்டு ஜூன் மாதம் இன்னோர் இடி விழுந்தது.

பிராய்டின் மகள் சோபி 1920-ல் காய்ச்சலில் இறந்து போனாள். அவளுடைய இளைய மகன் ஹெய்னலே. நாலரை வயதுப் பையன். பிராய்டுக்கு உயிர். அந்தப் பையன் காசநோயால் இறந்தான்.

தன் நோய்க்குக் கண்ணீர் விடாத பிராய்டு, பேரனுக்காக அழுதார்.

அக்டோபரில் டாக்டர் பிச்லர் பெரிய ஆபரேஷன் செய்தார். வலது பக்க மேல் தாடையையும் அண்ணத்தையும் வெட்டி எடுத்தார். வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பு இல்லாமல் போயிற்று. பேசினால் புரியாது. சாப்பிட முடியாது.

அதனால் வாய்க்குள் பொருத்த ஒரு செயற்கைத் தாடை செய்தார்கள். வீட்டில் அதற்கு அரக்கன் என்று பெயர் வைத்தார்கள். மாட்டினால் புண்ணாகும். கழற்றினால் மாட்டுவது கஷ்டம். ஒரு தடவை அரை மணி நேரம் போராடியும் மாட்ட முடியவில்லை. இந்த வேலைகளை எல்லாம் அன்னாவே செய்தாள். தகப்பனாருக்கு நர்சாகவே ஆகி விட்டாள்.

மரக் கவ்வி

இதற்குப் பிறகாவது சுருட்டை விட்டாரா? இல்லை!

தாடை சரியாகத் திறக்கவில்லை. துணி காயப் போடும்போது மாட்டும் மரக் கவ்வியைப் பற்களுக்கு நடுவில் கொடுத்து வாயைத் திறந்தார். அந்த இடைவெளியில் சுருட்டை வைத்தார்.

1926-ல் மறுபடியும் நெஞ்சு வலி. டாக்டர்கள் தடுத்தார்கள். கொஞ்ச நாள் கேட்டார்.

1930-ல் இதயம் மீண்டும் தொல்லை கொடுத்தது. 50 ஆண்டுகள் பழகிய சுருட்டை விட்டுவிட்டதாக நண்பருக்கு எழுதினார். அதுவும் நீடிக்கவில்லை. ஒரு சுருட்டு என்று தொடங்கினார். பிறகு இரண்டு, மூன்று என்று ஏறியது.

வலிக்கு மயக்க மருந்து தந்தால் வேண்டாம் என்பார். அறிவு தெளிவாக இருக்க வேண்டும் என்பார். அவ்வளவு மன உறுதி உள்ளவர் அவர்! சுருட்டுக்கு முன்னால் மட்டும் அந்த உறுதி நிற்கவில்லை.

தம்பிக்குக் கொடுத்தார்

1938-ம் ஆண்டு மார்ச்சு மாதம் இட்லரின் படை ஆஸ்திரியாவில் நுழைந்தது. யூதர்களுக்கு ஆபத்து. ரகசியப் போலீசார் அன்னாவைப் பிடித்துப் போய் ஒரு நாள் முழுவதும் விசாரித்தார்கள். அன்று பிராய்டு வீட்டுக்குள் இங்கும் அங்குமாக நடந்தார். ஓயாமல் சுருட்டுப் பிடித்தார்.

ஏப்ரல் 19-ந் தேதி அவருடைய தம்பி அலெக்சாண்டருக்கு 72-வது பிறந்த நாள். பிராய்டு சேர்த்து வைத்து இருந்த நல்ல சுருட்டுகளைத் தம்பிக்குக் கொடுத்தார். தம்பியால் அவற்றை அனுபவிக்க முடியும், தன்னால் இனி முடியாது என்று எழுதி அனுப்பினார்.

ஜூன் 4-ந் தேதி வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். பாரிஸ் வழியாக லண்டன் சேர்ந்தார். செப்டம்பரில் பிச்லர் லண்டன் வந்து மீண்டும் ஒரு பெரிய ஆபரேஷன் செய்தார். ஆனால் நோய் அடங்கவில்லை.

நாயும் விலகியது

1939-ல் புற்று கன்னத்தைத் துளைத்துக் கொண்டு வெளியே வந்தது. ஈக்கள் மொய்க்காமல் இருக்கக் கட்டிலுக்கு வலை கட்டினார்கள்.

பிராய்டு ஒரு நாய் வளர்த்தார். அவர் காலடியிலேயே கிடக்கும். இப்பொழுது புண்ணின் வாடை தாங்காமல் அது அறையின் மூலைக்குப் போய் ஒதுங்கியது. பிராய்டு அதைப் பார்த்தபடி படுத்து இருந்தார்.

அவருடைய டாக்டர் மாக்ஸ் ஷூர் முன்பு ஒரு வாக்குக் கொடுத்து இருந்தார். வேண்டாத வேதனையில் துடிக்க விடமாட்டேன் என்பதே அது. செப்டம்பர் 21-ந் தேதி பிராய்டு அதை நினைவூட்டினார். அன்னாவிடம் கலந்து பேசும்படி சொன்னார். டாக்டர் மார்பின் ஊசி போட்டார்.

1939-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி பிராய்டு காலமானார். வயது 83.

ஏன் விட முடியவில்லை?

புகையிலையில் நிக்கோடின் என்ற நஞ்சு இருக்கிறது. அது மூளையைப் பழக்கி அடிமையாக்கும். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும், வாயின் தோல் வழியாகவே அது ரத்தத்தில் கலந்து விடும். புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் 70-க்கும் மேல் இருக்கின்றன.

நிறுத்தியதும் எரிச்சல் வரும். சோர்வு வரும். வேலையில் மனம் செல்லாது. பிராய்டுக்கு வந்ததும் இதுதான். சுருட்டு இல்லாததால் அறிவு மங்குகிறது என்று அவர் எண்ணினார். உண்மையில் அது பழக்கம் உடலை விட்டுப் போகும்போது வரும் தொல்லை. முதல் சில நாட்களில் கடுமையாக இருக்கும். சில வாரங்களில் படிப்படியாகத் தணியும்.

தணிந்த பிறகும் ஒரு சுருட்டைத் தொட்டால் பழையபடி ஆகிவிடும். பிராய்டு ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்றில்தான் விழுந்தார்.

பிராய்டு காலத்தில் இதற்கு மருந்து கிடையாது. இன்று நிக்கோடின் பிசின் இருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறது. ஆலோசனை சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை தவறியவர்கள் மறு தடவை முயன்று வெற்றி பெறுகிறார்கள்.

லண்டனில் பிராய்டு வாழ்ந்த வீடு இப்பொழுது காட்சிச்சாலை. நோயாளிகள் படுத்த சாய்வுக் கட்டில் அங்கே இருக்கிறது. எத்தனையோ பேர் அதில் படுத்துத் தங்கள் துன்பத்தைச் சொல்லி ஆறுதல் பெற்றார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து இருந்தவரின் துன்பம் மட்டும் தீரவில்லை. அது அவர் விரல்களுக்கு இடையில் புகைந்து கொண்டு இருந்தது.