கைப்பலத்துக்கு மார்க் போட்டவர்



போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்ட நாங்கள் நாலு பேர். பொழுது போக வேண்டுமே! சீனியர் ஒருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆளுக்கொரு கதாபாத்திரம், ஒரு பேப்பர், பென்சில், பகடை, அவ்வளவுதான். மூன்று பகடையை உருட்டி வரும் கூட்டுத்தொகைதான் அந்த ஆளின் உடல் பலம். 3-க்குக் கீழே போகாது, 18-க்கு மேலே ஏறாது. 18 விழுவது 216-ல் ஒரு தடவைதான். எனக்கு விழுந்தது 7! ஒரே சிரிப்பு.

அதுகூடப் பரவாயில்லைங்க. சீனியரிடம் இருந்தது 1978-ம் வருடத்துப் பழைய விதி. அதில் ஓர்க் என்ற கற்பனை இனத்தின் ரத்தம் இருந்தால் பலத்தில் ஒன்றைக் கூட்டணும், வசீகரத்தில் இரண்டைக் கழிக்கணும். பிறப்பை வைத்து மார்க்கா? எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. லைப்ரரியில் தேடினேன், கிடைத்தார் எட்கர் தர்ஸ்டன்.

1855-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் படித்துவிட்டு, 1885-ல் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குத் தலைவராக வந்தார். முதலில் அவர் ஆராய்ந்தது மன்னார் வளைகுடா முத்துச் சிப்பியையும், ராமேஸ்வரத்துக் கடல் உயிர்களையும்தான். 1890-களில் கவனம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. நீலகிரி, வயநாடு என்று சுற்றினார். கூடவே ஒரு பெட்டி நிறையக் கருவிகள். தலையை அளக்கக் காலிப்பர், மூக்கை அளக்கத் தனி அளவு, கைப்பிடியின் பலத்தை அளக்க டைனமோமீட்டர். உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் ஸ்பிரிங் அழுந்தி முள் நகரும். எத்தனை பவுண்டு என்று காட்டும்.

ஜனங்களுக்குப் பயம் வராமல் இருக்குமா? வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்லா இருப்பவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று நினைத்தார்களாம். இதைத் தர்ஸ்டனே தமாஷாக எழுதி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1901-ல் சர்க்கார் அவரை சென்னை மாகாண இனவரைவியல் ஆய்வுக்கு அதிகாரியாக்கியது. மூக்கு அகலமாக இருந்தால் சாதி அந்தஸ்து கீழே என்று ரிஸ்லி என்ற அதிகாரி சாதித்துக் கொண்டிருந்த காலம் அது. தர்ஸ்டனும் அளந்து அளந்து, சாதிப் பெயருக்குக் கீழே சராசரி போட்டார்.

நம்ம லேபில் யுடிஎம் மெஷினில் இரும்புக் கம்பியை இழுத்துப் பார்க்கிறோமே, அங்கே சராசரிக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரே உருக்கில் வந்த கம்பி ஒரே மாதிரிதான் அறும். மனுசன் அப்படியா? எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத்தோட்டம் அதிகம். என் சித்தப்பா ஒல்லியான ஆள். டைனமோமீட்டரைக் கையில் கொடுத்தால் முள் பாதிகூடப் போகாது. ஆனால் சும்மாடு கட்டி, வாய்க்கால் வரப்பில் தார் சுமந்து வரும்போது ஜிம்முக்குப் போகிற அண்ணன்கள் பின்னாடி நிற்க வேண்டியதுதான். எந்தக் காலை முதலில் வைப்பது, எங்கே மூச்சை இழுப்பது, எல்லாம் பழக்கம். அந்த விளையாட்டின் பிந்திய பதிப்புகளில் இதற்கு வழி இருக்கிறது. பலம் ஒரு கட்டம், திறமை இன்னொரு கட்டம். ஏறுவது, நீந்துவது, பூட்டைத் திறப்பது எல்லாம் பழகப் பழகக் கூடும். பலம் 7 உள்ளவனும் பழகினால் கயிறு ஏறலாம்.

தர்ஸ்டன் தொழில்களைப் பற்றி எழுதாமல் இல்லை, நிறையவே எழுதினார். மியூசியத்தில் வேலை பார்த்த ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகள் வந்தன. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் உண்டு. பழைய சடங்கு, பாட்டு, உடை பற்றித் தெரிய இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் கைவேலையைக்கூட அவர் சாதிக்குக் கீழேதான் பதிந்தார். கற்றுக்கொண்டவனின் பெயரில் அல்ல.

1932-ல் குர்யே என்ற நம் நாட்டு அறிஞர் ரிஸ்லியின் கணக்குகளையே எடுத்துப் பரிசோதித்தார். உத்தரப் பிரதேசப் பகுதியைத் தாண்டினால் மூக்குக்கும் அந்தஸ்துக்கும் அந்தப் பொருத்தம் நிற்கவில்லை. விளையாட்டுக்காரர்கள் ரொம்ப லேட். 2024-ல் வந்த விதிப் புத்தகத்தில்தான், பிறந்த இனத்தை விட்டுவிட்டு, வளர்ந்த சூழலையும் செய்த தொழிலையும் பார்த்துப் பலத்தைக் கூட்டச் சொன்னார்கள்.

தர்ஸ்டன் 1908-ல் மியூசியத்திலிருந்து ஓய்வு பெற்று, பிறகு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் குடியேறினார். அங்கே செடிகொடிகளை ஆராய்ந்தார். 1930-ல் மரங்களைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். மரங்கள் இவரைக் கண்டு பயந்து ஓடியிருக்காது! 1935-ல் அங்கேயே பென்சான்ஸ் ஊரில் காலமானார்.