நாவலரவர்கள் சொல்லும் வாழ்வும்

மேடையேறிப் பிறர்க்கு ஊக்கமுரைக்க விரும்பும் ஆசிரிய அன்பர்களுக்கு, கெலிஓயாவிலிருந்து எழுதும் யாம், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் சரித்திரத்தையே முதற்பாடமாக வைக்கின்றோம்.

1822ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரிலே அவதரித்த அப்பெரியார், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியருமாயினார். பார்சிவல் பாதிரியாரது விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். பாதிரிமார் பிரசங்கஞ் செய்யும் முறையை அங்கே நன்கறிந்தவர், 1847 டிசம்பர் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் சைவப்பிரசங்கத்தைச் செய்தருளினார்.

நாவன்மை இருந்தது, கேட்க வந்தோரும் இருந்தனர். ஆயினும், மிஷன் வேதனம் பெற்றுக்கொண்டே சைவம் பேசுவார் சொல்லைச் சனங்கள் எங்ஙனம் முற்றும் நம்புவர்? 1848இல் அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார், அவ்வுத்தியோகத்தையும் விட்டொழித்தார். மிஷன் பாடசாலையிற் படித்து, மாதவேதனத்தால் வாழ்ந்துவரும் எமக்கு அத்துறவின் அருமை நன்கு புலப்படும். விவாகமுஞ் செய்துகொண்டிலர்.

1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவரது பிரசங்க வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. பிற்காலத்திலே யாழ்ப்பாணத்திற் பஞ்சம் நேர்ந்தபோது, கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தி ஏழைகளின் பசி தீர்த்தார். தருமத்தைப் பேசிய நாவுக்கு அன்று கையுஞ் சாட்சியாயிற்று. 1879இல் சிவபதமடைந்தார்.

அன்பர்காள்! மாணாக்கர்க்கு ஒழுக்கமும் ஊக்கமும் உரைக்குமுன், அவ்வுரைக்காக நாம் எதனை விட்டோம், எதனைச் செய்தோம் என்று நம்மையே வினவுதல் தகும். மாணாக்கர் முதலிலே நோக்குவது அதுவே.