லொயோலா இஞ்ஞாசியார்: நோய்ப்படுக்கையில் பிறந்த தியான முறை

இஞ்ஞாசியார் இயற்றிய ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் சிறுநூலின் பிற்பகுதியில், இயேசுவின் வாழ்விலிருந்து தியானத்திற்கெனத் தெரிந்தெடுத்த நிகழ்வுகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. கானா ஊர்த் திருமணம் அதில் உண்டு. கடற்புயல் அடங்கியது உண்டு. ஐயாயிரம் பேர் உணவுண்டது உண்டு. கல்லறையிலிருந்து இலாசர் உயிர்பெற்றதும் உண்டு. ஆனால் தொழுநோயாளர், பார்வையற்ற பர்த்திமேயு, கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதமுற்றவர், பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்கால் வருந்திய பெண் ஆகியோருள் ஒருவருக்கும் தனித்தலைப்பு இல்லை. நோயாளர் நலம்பெறும் நிகழ்வுகள் நற்செய்தி நூல்களில் மிகுந்து காணப்படுவதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும். அத்தியான முறையே ஒரு நோய்ப்படுக்கையில் கருக்கொண்டது என்பதையும் சேர்த்து எண்ணினால் வியப்பு இரட்டிக்கும்.

இந்த இன்மை தற்செயலானதுதானா என்னும் வினாவோடு அவர் வாழ்வை மீண்டும் நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. 1553 முதல் 1555 வரை லூயிஸ் கொன்சால்வெஸ் த காமரா என்பாரிடம் இஞ்ஞாசியாரே வாய்மொழியாகச் சொல்லிய வரலாறும், ஆன்மிகப் பயிற்சிகள் நூலும் இதற்கு முதன்மைச் சான்றுகள். அவ்வரலாற்றில் அவர் தன்மையிடத்தில் பேசவில்லை. தம்மைப் பயணி என்று படர்க்கையிலேயே சுட்டிக்கொள்கிறார்.

பம்பலோனாவும் லொயோலாவும்

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில், அஸ்பெய்த்தியா ஊரையடுத்த லொயோலா மாளிகையில் 1491ஆம் ஆண்டு பிறந்தவராகக் கருதப்படும் இஞ்ஞாசியாரின் இளமைப் பெயர் இனிகோ. அரசவைப் பழக்கமும் வாட்பயிற்சியும் புகழ்வேட்கையும் உடையவராக ஏறத்தாழ முப்பது வயது வரை வாழ்ந்தார். 1521 மே 20 அன்று பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று அவரது வலக்காலை முறித்து இடக்காலையும் புண்படுத்தியது. அவர் வீழ்ந்ததும் கோட்டையும் வீழ்ந்தது. அவருக்கு முதலில் மருத்துவம் செய்தவர்கள் பகைவர்களே. பரிவோடு நடத்திச் சில நாள்களுக்குப்பின் தூக்குக்கட்டிலில் அவரை ஊருக்கு அனுப்பியவர்களும் அவர்களே. இச்செய்தி பின்னர்த் தேவைப்படும்.

எலும்பு சரியாகப் பொருந்தவில்லை எனக் கண்டு லொயோலாவில் மீண்டும் முறித்து இணைத்தனர். உடல்நிலை சீர்கெட்டு, ஜூன் இறுதியில் இறுதி அருட்சாதனங்களைப் பெற்றார். புனித பேதுரு திருநாளுக்கு முந்திய இரவில் நோய் தணியத் தொடங்கியது. உயிர் தப்பிய பின்னும் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று துருத்தி நின்றது. இதுவரை பட்ட வலிகளினும் கொடிய வலி உண்டாகும் என மருத்துவர்கள் எச்சரித்தும், அதனை அறுத்தெடுக்கச் செய்தார். அரசவைக்குரிய இறுக்கமான காலணியை அணியத் தடையாக இருக்கும் என்பதே காரணம். குட்டையாகிவிட்ட காலை நீட்டுவதற்காகக் கருவிகளில் கட்டி இழுக்கவும் இசைந்தார். நலம் என்றால் பழைய தோற்றத்தை மீட்பது என்றே அந்நாளில் அவர் பொருள்கொண்டிருந்தார். அந்நலம் கிட்டவில்லை; இறுதிவரை சற்றே விந்தியே நடந்தார்.

இரு நூல்கள்

படுக்கையில் பொழுதுபோக்க வீரதீரக் கதைகளைக் கேட்டார். மாளிகையில் அவை இல்லை. கிடைத்தவை இரண்டு: கார்த்தூசியத் துறவி சாக்சனி லுடோல்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை என்னும் நூலின் காஸ்தீலிய மொழிபெயர்ப்பு ஒன்று, ஃபிளோஸ் சாங்க்தோரும் எனப்பட்ட புனிதர் வரலாற்றுத் தொகுப்பு மற்றொன்று. பின்னதன் பெயர் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. இஞ்ஞாசியார் உயிரோடிருந்த காலத்திலேயே இயேசு சபையில் சேர்ந்து முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக்கு அடிகளார், 1586இல் தமிழில் அச்சிட்ட அடியார் வரலாறு அவ்வகை நூலே. சபை நிறுவுநரின் மனத்தைத் திருப்பிய நூல்வகை தமிழின் தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்றாகவும் அமைந்தது அச்சு வரலாறு எழுதுவோர் இன்னும் விரித்துப் பேசத்தக்க செய்தி.

லுடோல்ஃபின் நூல் வாசகரை வெளியே நிறுத்திக் கதை சொல்வதன்று. நற்செய்தி நிகழ்ச்சி கண்முன் நடப்பதாகவும், படிப்பவர் அங்கே உடனிருப்பதாகவும் பாவித்துக்கொள்ளுமாறு அது பயிற்றுகிறது. இனிகோ படித்தவற்றைப் படியெடுக்கத் தொடங்கினார். இயேசுவின் மொழிகளைச் சிவப்பு மையிலும் மரியாவின் மொழிகளைக் நீல மையிலும் எழுதிய அக்குறிப்பேடு முந்நூறு தாள் அளவுக்கு வளர்ந்தது. இடையிடையே ஓர் உயர்குடிப் பெண்ணை எண்ணி, அவள் முன்னிலையில் ஆற்றவேண்டிய வீரச்செயல்களைக் கற்பனை செய்து மணிக்கணக்கில் கிடந்தார். இருவகைக் கற்பனையும் அந்நேரத்தில் இனித்தன. முன்னது அகன்றபின் மனம் வறண்டது. புனிதர் போல் வாழ்வதைப் பற்றிய எண்ணம் அகன்றபின்னும் நிறைவு எஞ்சியது. இவ்வேறுபாட்டை உணர்ந்ததே தம் மனமாற்றத்தின் தொடக்கம் என அவர் கருதினார். இவ்விடத்தில் நிகழ்ந்ததை உடல்நலம் என்று சொல்ல இயலாது. தான் எதை விரும்புகிறோம் என்பதை ஒரு நோயாளி முதன்முறையாகக் கூர்ந்து கேட்டுக்கொண்டதே இங்கு நிகழ்ந்தது.

மன்ரேசாவில் நேர்ந்த மிகை

1522இல் மோன்செராத் திருத்தலத்தில் வாளைக் காணிக்கையாக்கிவிட்டு, அருகிலுள்ள மன்ரேசாவில் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் தங்கினார். புனிதர் வரலாறுகளைப் படித்தவர், அவர்களை விஞ்ச முயன்றதில் பழைய போர்வீரரின் சாயல் தெரிகிறது. தலைமுடியையும் நகத்தையும் வளரவிட்டார், நாள்தோறும் ஏழு மணிநேரம் முழந்தாளிட்டார், இரந்து உண்டார். அறிக்கையிட்ட பாவங்களே மீண்டும் மீண்டும் மனத்தை அரித்தன. தற்கொலை எண்ணமும் தோன்றியது. விடுதலை வேண்டி ஒரு வாரம் முழுதும் உண்ணாதிருந்தபோது, அதை நிறுத்துமாறு ஒப்புரவுக் குரு பணிக்க வேண்டியதாயிற்று. காய்ச்சலில் வீழ்ந்த அவரை அவ்வூர்ப் பெண்டிர் இரவெல்லாம் விழித்திருந்து பேணினர். அவரது வயிற்றுநோய் இக்காலத்தை ஒட்டியே வேரூன்றியது. கார்தோனேர் ஆற்றங்கரையில் பெற்ற பேரொளியை வரலாற்றாசிரியர் விரிவாகப் பேசுவர். அதே மன்ரேசாவில் அவர் நகத்தையும் முடியையும் வெட்டிக்கொள்ள மீண்டும் இசைந்ததையும் அவ்வொளியோடு சேர்த்தே எண்ண வேண்டும். 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பைக் குறைத்து உடலைப் பேணுமாறு அவர் அறிவுறுத்தியதற்குப் பின்னால் இப்பட்டறிவு நிற்கிறது.

முறையின் உட்கூறு

ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் கரு மன்ரேசாவில் உருவாயிற்று. அதன் காட்சித் தியானம் எளிய படிகளை உடையது. முதலில் நற்செய்தி நிகழ்ச்சியைச் சுருக்கமாக நினைவுகூர வேண்டும். பின்னர் இடத்தை மனக்கண்ணில் அமைக்க வேண்டும்: வழியின் நீளம் எவ்வளவு, குகை தாழ்ந்ததா உயர்ந்ததா என்ற அளவுக்கு. 1523இல் எருசலேம் சென்றபோது, ஒலிவ மலைப் பாறையில் இயேசுவின் பாதச்சுவடு எனக் காட்டப்பட்டதில் வலப்பாதம் எப்பக்கம் நோக்கியது எனக் கவனிக்க மறந்து, காவலர்க்குக் கத்தரிக்கோலைக் கையுறையாகக் கொடுத்து மீண்டும் சென்று பார்த்தவர் அவர். அந்தச் செயலை வெறும் பக்திமிகுதி எனத் தள்ளுவது பொருந்தாது. முறையின் மூலம் அங்கே வெளிப்படுகிறது. அதன்பின் மாந்தரைக் காணல், அவர் பேச்சைக் கேட்டல், செயலை நோக்கல்; இறுதியில் நண்பர் நண்பரோடு பேசுவதுபோல் இயேசுவோடு உரையாடல். நாளின் முடிவில் ஐம்புலன்களையும் ஈடுபடுத்தி அதே காட்சிக்குத் திரும்புவதும் உண்டு. தொடுதல் அங்கே ஒரு தனிப்படி.

இடம் அமைத்தலுக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு படி உண்டு. தான் விரும்புவது எதுவோ அதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தியானத்திலும், விலக்கின்றி, இது வருகிறது. நற்செய்தியில் இதற்கு இணையான இடங்கள் குணமளிப்பு நிகழ்ச்சிகளிலேயே உள்ளன. எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயுவிடம் அவர் விரும்புவது யாது எனவும், பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்தவரிடம் நலம்பெற விருப்பமா எனவும் இயேசு வினவுகிறார். பார்வையற்றவரிடம் கேட்கத் தேவையில்லாததுபோல் தோன்றும் வினாவே அது. குணமளிப்புக் கதைகள் வரிசையில் இடம்பெறவில்லை எனினும், அவற்றின் நடுநாடியான வினா ஒவ்வொரு தியானத்தின் தலைவாயிலிலும் வைக்கப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையாளர் வந்தடையும் கருத்து. இன்று தியான இல்லங்களில் நோயாளர் நலம்பெறும் பகுதிகள் இஞ்ஞாசியார் முறையில் தியானிக்கப்படுவது மூலநூலுக்குப் புறம்பானதன்று என்பதும் இதனாற் பெறப்படும். முழந்தாளிட்டும், குப்புற வீழ்ந்தும், அமர்ந்தும், நின்றும் தியானிக்கலாம் எனக் கூறும் நூல், மல்லாந்து படுத்தும் தியானிக்கலாம் என்கிறது. எழ இயலாத நோயாளியை விலக்காத முறை இது.

வரிசையில் குணமளிப்பு அறவே இல்லை என்பதும் சரியன்று. சீடர்களை அனுப்பும் பகுதியில் நோய் நீக்கும் ஆற்றல் அளிக்கப்படுவது சுட்டப்படுகிறது. பாடுகளின் பகுதியில், தலைமைக் குருவின் பணியாளரைப் பேதுரு வாளால் வெட்ட, இயேசு அப்புண்ணை ஆற்றுவதும் குறிக்கப்படுகிறது. நற்செய்தியாளர் நால்வருள் லூக்கா மட்டுமே கூறும் செய்தி அது. தனி ஒருவரின் உடற்புண் ஆறும் ஒரே இடமாகிய அங்கே நலம்பெறுபவர் பகைவர் தரப்பினர். பம்பலோனாவில் பகைவர் கையால் காயம் கட்டப்பெற்ற ஒருவர் அவ்வரியை எழுதும்போது என்ன நினைத்திருப்பார் என்பது ஆய்வுக்கு எட்டாதது. ஆயினும் வாசகர் அதை எளிதில் கடந்துபோக இயலாது.

மருத்துவமனைகளும் உரோமையும்

பாரிசில் கல்வி கற்ற காலத்தில் வயிற்றுவலி கடுமையாயிற்று. 1535இல் மருத்துவர் சொற்படி பிறந்த மண்ணின் காற்றை நாடிச் சென்றவர், குடும்ப மாளிகையைத் தவிர்த்து அஸ்பெய்த்தியாவில் ஏழையர்க்கான மருத்துவ இல்லத்தில் தங்கினார். 1537இல் வெனிசில் பிரான்சிஸ் சவேரியார் உள்ளிட்ட தோழர்கள், தீரா நோயாளர் மருத்துவமனையில் புண்கழுவிப் பணியாற்றினர். 1540இல் சபைக்கும், 1548இல் ஆன்மிகப் பயிற்சிகள் நூலுக்கும் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். உரோமையில் தலைவராக இருந்த ஆண்டுகளில், இல்லத்து நோயாளர்க்கு வேண்டியவை வாங்கப்பட்டனவா என நாளுக்கு இருமுறை தமக்குத் தெரிவிக்கப் பணித்திருந்தார்.

1556 ஜூலை 30 அன்று, திருத்தந்தையின் ஆசியைப் பெற்றுவருமாறு செயலர் பொலாங்கோவை வேண்டினார். மருத்துவர்கள் இடர் ஏதும் இல்லை என எண்ணியிருந்தனர்; அனுப்பவேண்டிய மடல்கள் குவிந்திருந்தன; மறுநாள் செல்லலாம் எனப் பொலாங்கோ கருதினார். இஞ்ஞாசியார் வற்புறுத்தவில்லை. மறுநாள் விடியலில் இறந்தார். உடலைத் திறந்து ஆய்ந்த உடற்கூற்றறிஞர் ரெயால்தோ கொலம்போ, சிறுநீரகங்களிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் எண்ணற்ற கற்களைக் கண்டு, 1559இல் வெளிவந்த தம் நூலில் அதனைப் பதிவுசெய்தார்.